ஓவர் எடுக்கும்போது எங்களையும் நிற்கவிடுங்கள்

பெங்களூரு மருத்துவமனைகளில் நர்சிங் பொறுப்பு வகிக்கும் கண்காணிப்பாளர்களுக்கும், டூட்டி அட்டவணை போடும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

இந்த மடலைக் கன்னடத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் உங்களில் பலர் வேலூரிலும் கோவையிலும் மதுரையிலும் படித்துவிட்டு இந்த ஊருக்கு வந்தவர்கள். ரவுண்ட்ஸ் வரும்போது எங்களைத் தமிழில்தான் அதட்டுகிறீர்கள். தமிழில் திட்டு வாங்குகிறவள் தமிழிலேயே ஒரு கோரிக்கை வைத்தால் தவறில்லை என்று நினைக்கிறேன்.

கோரிக்கை இதுதான். ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு கட்டில் அருகிலும் நின்று ஒரு சிஸ்டர் அடுத்த சிஸ்டருக்கு ஓவர் கொடுக்கிறார், அதாவது நோயாளியின் நிலையைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைக்கிறார். அந்தக் கால் மணி நேரம் நர்சிங் உதவியாளர்களாகிய எங்களையும் அங்கே நிற்கவிடுங்கள். ஓவர் கேட்ட வார்டிலேயே தொடர்ந்து வேலை செய்யவும் விடுங்கள். இன்று ஐந்தாம் மாடி, நாளை டயாலிசிஸ், மறுநாள் ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை என்று தினம் ஓரிடமாக எங்களைச் சிதறடிக்காதீர்கள்.

நான் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து எங்கள் ஊர் ரயிலை நம்பித்தான் பிழைக்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து இருட்டோடு கிளம்பும் வண்டியில் கொத்தனார், காவலாளி, துணிக்கடைப் பெண், ஐடி நிறுவனத்தின் கேன்டீன் ஆள், ஆஸ்பத்திரி ஊழியர் எல்லாரும் ஒன்றாக வருகிறோம். பங்காருப்பேட்டை தாண்டினால் உட்கார இடம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஜி.டி.ஏ. எனப்படும் பொதுப்பணி உதவியாளர் பயிற்சி முடித்து இந்த வேலையில் சேர்ந்தேன். நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்ற செவிலியர் பட்டியலில் எங்களுக்கு இடமில்லை. ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் எங்களுக்கு உரிமை இல்லை. அந்த உரிமையை நான் கேட்கவும் இல்லை.

நாங்கள் செய்கிற வேலைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். உடம்பு துடைப்பது, விரிப்பு மாற்றுவது, பெட்பேன் வைத்து எடுப்பது, சிறுநீர்ப் பையை அளந்து காலி செய்வது, சாப்பாடு ஊட்டுவது, தலை வாருவது, நகம் வெட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரிகளைக் கொண்டுபோவது. யாராவது இறந்துவிட்டால் சிஸ்டருடன் சேர்ந்து கண்ணை மூடி, தாடையைக் கட்டி, உடம்பைச் சுத்தம் செய்து, உறவினர் பார்க்கும்படி வைப்பது.

உறவுக்காரர்கள் கேட்டால் என் அம்மா 'பெங்களூரில் ஆஸ்பத்திரி வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வார். மேற்கொண்டு கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பீயும் மூத்திரமும் அள்ளுகிற வேலை என்று ஊரில் பேசுவது அவர் காதிலும் விழுகிறது. அள்ளுகிறோம்தான். அதற்குப் பன்னீர் தெளித்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சேவை, தியாகம் என்று யாராவது ஆரம்பித்தாலே சம்பள உயர்வு இந்த ஆண்டும் இல்லை என்று எங்களுக்குப் புரிந்துவிடும். இந்த வேலையில் நான் ஒட்டிக்கொண்டு இருப்பதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்ல ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் எங்கள் வார்டில் சேர்ந்திருந்தார். சோர்வு, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று கொண்டுவந்திருந்தார்கள். மகனுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. இருட்டிய பிறகுதான் வருவார். டாக்டர் கன்னடத்தில் கேட்பார், ஆங்கிலத்தில் கேட்பார், தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களிலும் கேட்பார். பெரியவர் எல்லாவற்றுக்கும் கையெடுத்துக் கும்பிட்டுத் தலையாட்டிவிடுவார். டாக்டர் முன்னால் வாய் திறப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற தலைமுறை.

உடம்பு துடைக்கும்போது மட்டும் என்னிடம் பேசுவார். மழை, மாட்டு விலை, மூத்த மருமகளின் சமையல். ஒரு காலை முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கையில், ஊரில் இருந்தபோதே மலம் தார் போலக் கறுப்பாகப் போக ஆரம்பித்துவிட்டது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவர் தானே சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய் வந்ததால் யாரும் பார்த்திருக்கவில்லை. அடுத்த முறை தண்ணீர் ஊற்றாமல் என்னைக் கூப்பிடுங்கள் தாத்தா என்றேன். கூச்சப்பட்டார். ஆனாலும் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கருகருவென்று, பசை போல ஒட்டிக்கொண்டு. அந்த வாடையை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கோட்டயத்துக்காரர். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பது. அந்த மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவரே வந்து மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். இரும்பு மாத்திரை இல்லை. ஆனால் முட்டி வலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்டுவந்த மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. அந்த வகை வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசியவைக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சிஸ்டர் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். இரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோபி. இரைப்பையில் புண். இரத்தம் ஏற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். அடுத்த வாரம் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே லிஃப்டுக்குப் போனார்.

யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. பார்த்தது நான், எதைக் கேட்க வேண்டும் என்பது சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது, என்ன செய்வது என்று முடிவெடுத்தவர் டாக்டர். மூவரும் அடுத்தடுத்து இருந்தோம், அவ்வளவுதான். ஆனால் இது நடந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் அந்த வாரம் முழுவதும் அதே வார்டில் இருந்தேன். பெரியவருக்கு என் முகம் பழகியிருந்தது. நான் ஒன்று சொன்னால் வெறும் பேச்சாக இருக்காது என்று சிஸ்டருக்கும் தெரிந்திருந்தது. அந்த வாரம் ஏன் என்னை வேறு மாடிக்கு மாற்றவில்லை தெரியுமா? ஆட்களை மாற்றிப்போடும் மேற்பார்வையாளர் கல்யாணத்துக்காக லீவில் போயிருந்தார்.

ஒரு நோயாளியின் உயிர் மேற்பார்வையாளர் வீட்டு முகூர்த்தத்தை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓவர் விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சுரங்கம் அது. பாறை வெடித்துச் சரிவது அங்கே அடிக்கடி நடக்கும். முந்தைய ஷிஃப்ட் ஆள் மேலே வந்ததும், எந்தப் பக்கத்துப் பாறை சத்தம் போடுகிறது என்று கேட்காமல் தான் கூண்டில் ஏறியதில்லை என்பார். கேட்டவர் பெரிய அதிகாரியில்லை, மண் அள்ளும் தொழிலாளிதான். ஆஸ்பத்திரியில் எங்கள் நிலைமை வேறு. எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழையும்போது பன்னிரண்டாம் கட்டிலில் இருப்பவருக்கு இரவு வலிப்பு வந்ததா, எட்டாம் கட்டிலுக்கு வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாதா, மூன்றாம் கட்டில் அம்மாவுக்குப் பிள்ளை இறந்த செய்தியைச் சொல்லிவிட்டார்களா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. யாராவது அவசரத்தில் சொன்னால் உண்டு. அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் வைத்திருக்கும் நோயாளிக்குக் காபி கொடுத்துவிட்டால் திட்டு மட்டும் எங்களுக்கு முறைப்படி வந்து சேரும்.

பணி மாறும்போது நோயாளியைப் பற்றிய தகவல் ஒழுங்காகக் கைமாற வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஒன்பது நோயாளர் பாதுகாப்புத் தீர்வுகளில் ஒன்றாகச் சேர்த்தது. உங்களுக்கு இது மனப்பாடம். தர அங்கீகாரத்துக்கான ஆய்வுக் குழு வரும் வாரத்தில் எங்கள் வார்டுச் சுவரிலும் ஒட்டுகிறார்கள். நோயாளியின் உடம்பில் அதிக நேரம் கை வைத்திருப்பவருக்கு அந்தத் தகவலில் பங்கில்லை என்பது மட்டும் யாருக்கும் உறுத்தவில்லை.

படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்டர்கள் பிரேடன் அளவுகோல் படிவம் நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரு அமெரிக்கச் செவிலியர்கள் உருவாக்கி 1987-ல் வெளியானது என்று எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னார். ஆறு கேள்விகள். கூட்டினால் குறைந்தது 6, அதிகம் 23. 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் புண் வரும் ஆபத்து உண்டு. அந்த ஆறும் என்னென்ன? வலியை உணர்ந்து சொல்கிறாரா, தோல் ஈரமாக இருக்கிறதா, எழுந்து நடமாடுகிறாரா, படுக்கையில் தானாகப் புரள்கிறாரா, எவ்வளவு சாப்பிடுகிறார், விரிப்பில் உடம்பு உராய்ந்து வழுக்குகிறதா.

நனைந்த விரிப்பை உருவி எடுப்பது நான். தட்டில் மீந்த இட்லியைக் கொட்டுவது நான். இரவு ஒருக்களித்துப் படுக்கவைத்தவர் விடியும்வரை அதே பக்கம் கிடந்தாரா என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தில் பாதிக்கு மேல் என் கண்ணில் முதலில் பட்டவை. சிஸ்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைய எண்ணைப் போடுகிறார். அவர் மேல் குற்றமில்லை. அவர் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது அட்டவணை போடும் உங்களுக்கே தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்பதற்கு நான் யார், எந்த மாடி என்றாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. கனமான ஆளை ஒருத்தி தனியாகப் புரட்டினால் என்ன நடக்கும்? தூக்க முடியாது, இழுப்போம். இழுக்கும்போது வால் எலும்புப் பக்கத்துத் தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ளும், உள்ளிருக்கும் சதை நகர்ந்துவிடும். புண் வராமல் தடுக்கச் செய்கிற வேலையே புண்ணுக்கு வழி திறந்துவிடும். இடுப்புக்குக் கீழே குறுக்கு விரிப்பு போட்டு, இரு பக்கமும் இருவர் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கினால் உராய்வதில்லை. எதிர்ப்பக்கம் நிற்பவர் எப்போது தூக்குவார் என்று எனக்குத் தெரிய வேண்டும். புது வார்டில், புது ஆளோடு, அது முதல் நாளே அமைவதில்லை. எங்கள் இடுப்பு வலிக்கும் இதில் பங்குண்டு, ஆனால் அதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

கூட்டாக வேலை செய்வது எப்படி என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறீர்கள். பார்க்க வேண்டுமானால் முதுகுத்தண்டில் அடிபட்ட நோயாளியை நாங்கள் புரட்டும்போது வந்து பாருங்கள். கழுத்தும் முதுகும் துளிகூட முறுக்கிக்கொள்ளக் கூடாது. உடம்பு முழுவதும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். ஒருவர் தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொள்வார். ஒருவர் தோளும் மார்பும், ஒருவர் இடுப்பு, ஒருவர் கால்கள். தலையைப் பிடித்திருப்பவர்தான் எண்ணுவார். அவர் சொன்னால் ஒழிய யாரும் அசையக் கூடாது.

எங்கள் வார்டில் அன்று தலைமாட்டில் நின்றவர் மணிப்பூரிலிருந்து வந்த சிஸ்டர், வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். தோளில் எலும்பு மருத்துவப் பிரிவின் பெரிய டாக்டர். இடுப்பில் நான். காலில் ராய்ச்சூர்க்காரரான வார்டு உதவியாளர். நால்வருக்கும் தாய்மொழி வேறு. எண்ணுவது மட்டும் கன்னடத்தில். அது எங்கள் வார்டு வழக்கம். "ஒந்து, எரடு" என்று சொன்னவர் நிறுத்தினார். டாக்டரின் கை கொஞ்சம் கீழே இருக்கிறது, முழங்கை வரை உள்ளே விடுங்கள் சார் என்றார். டாக்டர் ஒன்றும் பேசாமல் கையை மாற்றினார். மறுபடி ஒந்து, எரடு, மூரு. நோயாளி ஒரே சீராகத் திரும்பினார், முனகல்கூட இல்லை. அவர் முதுகைப் பார்த்தேன். சிவப்பு இல்லை, கசிவு இல்லை. சொன்னேன். சிஸ்டர் குறித்துக்கொண்டார்.

அந்த அரை நிமிடம் எனக்குக் கான்ட்ராக்டர் கொடுத்த வேறு நிற அடையாள அட்டை நினைவுக்கு வரவில்லை. என் பெயர் வார்டு போர்டில் இல்லை என்பதும் நினைவுக்கு வரவில்லை. நான் பார்த்துச் சொல்வதற்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். இந்த வேலைக்கு ஏன் தினமும் இவ்வளவு தூரம் ரயிலேறி வருகிறாய் என்று தங்கை கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். அவளுக்கு அவ்வளவாகப் புரிவதில்லை.

உங்கள் பக்கத்து நியாயங்கள் எனக்கும் தெரியும். நாலு பேர் திடீரென்று வராவிட்டால் ஆளை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பீர்கள். மாற்றுங்கள். ஆள் குறைந்த நாளில் மாற்றுவது வேறு, மாற்றுவதையே முறையாக வைத்திருப்பது வேறு. 'ஓரிடத்தில் இருந்தால் நோயாளிகளிடம் பணம் வாங்கப் பழகிவிடுவார்கள்' என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் நாளில் கை நீட்டுவதற்கு ஒருநாள் பழக்கமே போதும். தினம் இடம் மாறுகிறவரை யாரும் அடையாளம் காட்டவும் முடியாது. என்னைப் பெயர் தெரிந்த ஓரிடத்தில் நிறுத்துங்கள். நான் தவறு செய்தால் புகார் சரியாக வந்து சேரும்.

நோயாளியின் நோய் விவரம் இரகசியம், உதவியாளர் முன்னால் பேசலாமா என்று இன்னொரு கேள்வி. அவருடைய உடம்பில் எந்த மறைவிடமும் எங்களுக்குத் தெரியாததில்லை. புற்றுநோய் என்று வீட்டாருக்கே சொல்லாத நிலையிலும் அவருடைய புண்ணைக் கழுவியவர்கள் நாங்கள். இரகசியம் காக்கும் உறுதிமொழியில் எங்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். சந்தோஷமாகப் போடுகிறோம்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் தலைமையில் உதவியாளர்களும் சேர்ந்து குறிப்பிட்ட சில நோயாளிகளை முழுவதுமாகக் கவனிக்கும் குழு முறையை 1950-களிலேயே அமெரிக்காவில் எலினோர் லாம்பர்ட்சன் வகுத்துக் கொடுத்தார். நீங்கள் நர்சிங் நிர்வாகப் பாடத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதியிருப்பீர்கள். பாடத்தில் மதிப்பெண் வாங்கிக் கொடுத்ததை வார்டில் ஒருமுறை நடத்திப் பார்க்கலாமே.

இடம் மாறிக்கொண்டே இருப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அந்தக் கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைட்டிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியது மருத்துவமனையின் கடமை. வருடம் ஒருமுறை பயிற்சியும் கொடுக்க வேண்டும். ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி ஆறு மாதத்தில் மூன்று தவணை. கான்ட்ராக்டர் எங்களை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இரண்டாவது தவணையோடு நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். இங்கே கேட்டால் அங்கே கேள் என்கிறார்கள், அங்கே கேட்டால் கான்ட்ராக்டரைக் கேள் என்கிறார்கள். ஊசி முனை குத்தினால் அது எந்தக் கம்பெனி ஆள் என்று பார்த்துக் குத்துவதில்லை.

மே 12, செவிலியர் தினம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். ஒவ்வோர் ஆண்டும் அரங்கத்தில் மெழுகுவத்தி ஏற்றி உறுதிமொழி எடுக்கிறீர்கள், கேக் வெட்டுகிறீர்கள். நாற்காலி போடுவதும் பிறகு மடக்கி வைப்பதும் நாங்கள். கேக் வரும், குறை சொல்லவில்லை. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் மறக்காமல் எடுத்துவைப்பார். அன்று மேடையில் எங்களையும் ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. மேடைக்கும் எங்களுக்கும் வெகுதூரம். கட்டிலுக்கும் எங்களுக்கும் இடையில்தான் தூரம் கிடையாது.

நடைமுறைக்கு ஒரு யோசனை சொல்கிறேன். எல்லா மாடியிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு பொது மருத்துவ வார்டை எடுங்கள். அங்கே எல்லா ஷிஃப்டுக்கும் சேர்த்து உதவியாளர்களை மூன்று மாதத்துக்கு மாற்றாமல் வையுங்கள். ஒவ்வொருவரையும் ஒரு சிஸ்டரோடு சேர்த்து, அவர்கள் பொறுப்பில் இன்னின்ன கட்டில்கள் என்று போர்டில் இருவர் பெயரையும் எழுதுங்கள். ஓவர் எடுக்கும்போது கடைசி ஒரு நிமிடம் உதவியாளர் பேசட்டும்: யார் சாப்பிடவில்லை, யார் தோல் சிவந்திருக்கிறது, யார் இரவெல்லாம் விழித்திருந்தார். படுக்கைப் புண், கட்டிலிலிருந்து விழுதல் இரண்டையும் எப்படியும் மாதாமாதம் கணக்கெடுக்கிறீர்கள். அந்த மூன்று மாதக் கணக்கைப் பக்கத்து வார்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஒன்றும் இல்லையென்றால் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன்.

எட்டு மணிக்கு முன்பே வந்து ஓவர் எடுக்க வேண்டியிருக்கும் என்பது தெரியும். வருகிறோம். மாரிக்குப்பம் வண்டி தாமதமாகும் நாட்களில் எங்கள் ஊர் ஆட்களுக்குப் பதில் உள்ளூர் ஆள் ஒருவர் கேட்டு எங்களுக்குச் சொல்வதாக நாங்களே பேசி வைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கால் மணி நேரம் விரல் ரேகை இயந்திரத்தில் பதிவாகி, சம்பளக் கணக்கில் சேர வேண்டும். கான்ட்ராக்டரிடம் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்; நாங்கள் சொன்னால் அடுத்த நாளே வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்.

இப்படிக்கு,
பெங்களூரில் பணிபுரியும்
ஒரு நர்சிங் உதவியாளர்